பெர்ஃபியூஷன் என்றால் ஊடுருவலா?

புற்றுக்கட்டி போன்றவற்றுக்கு எவ்வளவு இரத்தம் போய்ச் சேருகிறது என்று பார்க்க நாய்களுக்கு எடுக்கும் சிடி பெர்ஃபியூஷன் ஸ்கேனைத் தமிழில் விளக்குகிறவர்கள் அதை 'சிடி ஊடுருவல் படம்' என்று எழுதிவருகிறார்கள். ஒருவர் எழுதினால் கவனக்குறைவு என்று விடலாம். அடுத்தவரும் அதையே எடுத்து எழுதும்போது எப்படி விடுவது? நாய் வளர்ப்பவரை நேர் எதிரான முடிவுக்குக் கொண்டுபோகும் சொல் இது.

மூலம் லத்தீன். 'பெர்' என்றால் ஊடாக, முழுக்க. 'ஃபுந்தெரே' என்றால் ஊற்றுதல். டிரான்ஸ்ஃபியூஷனும் இதே குடும்பம்தான். அதற்குக் 'குருதியேற்றம்' என்ற நல்ல சொல் அமைந்துவிட்டது. மருத்துவத்தில் பெர்ஃபியூஷன் என்பது நுண்குழாய்கள் வழியே இரத்தம் ஒரு திசுவுக்குள் போய்ச் சேருவது. 100 மில்லி திசுவுக்கு நிமிடத்துக்கு எத்தனை மில்லி இரத்தம் என்று அளப்பார்கள்.

நாயை மயக்கத்தில் வைத்து, அயோடின் கலந்த கான்ட்ராஸ்ட் மருந்தைச் சிரையில் வேகமாகச் செலுத்தி, ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பப் படமெடுக்கிறார்கள். மருந்து வந்து சேரும்போது திசு பளிச்சென்று தெரியும், வடியும்போது மங்கும். இந்த ஏற்ற இறக்கத்திலிருந்துதான் எவ்வளவு இரத்தம் வருகிறது, எவ்வளவு தங்குகிறது, எவ்வளவு நேரத்தில் கடக்கிறது என்று கணக்கிடுகிறார்கள். மயக்க மருந்தே இந்த எண்களை மாற்றிவிடும் என்பதையும் இவர்களில் பலர் எழுதுவதில்லை. டெக்ஸ்மெடெடோமிடின் என்ற மயக்க மருந்தைக் கொடுத்தால் இரத்தக் குழாய்கள் சுருங்கும், இதயம் வெளியேற்றும் இரத்தமும் குறையும்.

சரி, ஊடுருவலுக்கு வருவோம். புற்றுநோயைப் பற்றிப் பேசும்போது அந்தச் சொல்லுக்கு ஏற்கெனவே வேலை இருக்கிறது. கட்டி பக்கத்துத் திசுவுக்குள் நுழைந்து பிடிப்பதைத்தான் ஊடுருவல் என்கிறோம். இப்போது ஓர் அறிக்கையில் 'கட்டியின் நடுப்பகுதியில் ஊடுருவல் மிகக் குறைவு' என்று இருந்தால் வீட்டுக்காரர் என்ன நினைப்பார்? அப்பாடா, கட்டி இன்னும் உள்ளே போகவில்லை என்று நிம்மதியாகிவிடுவார். உண்மையில் அந்த வரி சொல்வது, நடுப்பகுதிக்கு இரத்தம் சரியாகப் போகவில்லை, அங்கே திசு செத்துக் கிடக்கலாம் என்பதை. இரத்தம் எட்டாத அளவுக்குக் கட்டி வளர்ந்துவிட்டால் அப்படி ஆகும். ஆறுதல் கொள்ள அதில் ஒன்றுமில்லை.

அப்புறம் இன்னொரு சிக்கல். கட்டிக்குள் புதிதாக முளைக்கும் இரத்தக் குழாய்கள் கசியும் தன்மை கொண்டவை. அந்தக் கசிவையும் இதே ஸ்கேனில் அளக்கலாம். அதற்கு 'ஊடுருவுதிறன்' என்ற சொல் முன்பே உண்டு. 'ஊடுருவல் குறைவு, ஊடுருவுதிறன் அதிகம்' என்று ஒரே பத்தியில் எழுதினால் மருத்துவருக்கே தலை சுற்றும்.

சிலர் 'பரவல்' என்கிறார்கள். புற்றுநோய்க்குப் பக்கத்தில் அந்தச் சொல்லை வைக்க எப்படித்தான் மனம் வருகிறதோ! 'இரத்த ஓட்டம்' தவறில்லை. ஆனால் அது பெருந்தமனிக்கும் பொருந்தும், இந்த ஸ்கேனில் அளக்கும் எண்களில் ஒன்றுக்கும் அதே பெயர்தான்.

நான் சொல்வது 'குருதிப் பாய்ச்சல்'. வாய்க்கால் தண்ணீரைப் பாத்தி பாத்தியாகத் திருப்பி மண் நனைய விடுவதைத் தமிழர் காலங்காலமாகப் பாய்ச்சுதல் என்றே சொல்லிவருகிறார்கள். நுண்குழாய்கள் செய்வதும் அதைத்தான். பாய்ச்சல் என்றால் தாவுவதும்தானே, அதுவும் நாயைப் பற்றி எழுதும்போது என்று கேட்கலாம். 'குருதி' முன்னால் நிற்கும்வரை அந்தக் குழப்பம் வராது. குறைபாய்ச்சல், மறுபாய்ச்சல், பாய்ச்சல் வரைபடம் என்று கிளைச்சொற்களும் தடையின்றி வருகின்றன.

ஈரலில் வைத்துப் பாருங்கள். ஈரலுக்கு இரண்டு வழியில் இரத்தம் வருகிறது: பெரும்பகுதி குடலிலிருந்து இரத்தம் கொண்டுவரும் போர்ட்டல் சிரை வழியாக, மீதி தமனி வழியாக. ஈரலில் தோன்றும் புற்றுக்கட்டிகள் பெரும்பாலும் தமனி இரத்தத்தையே நம்பியிருப்பதால் இரண்டையும் தனித்தனியே கணக்கிடுகிறார்கள். 'தமனிப் பாய்ச்சல் அதிகம்' என்றால் பொருள் தெளிவு. அதையே 'தமனி ஊடுருவல் அதிகம்' என்று எழுதினால், கட்டி தமனிக்குள்ளேயே புகுந்துவிட்டது, அறுவை சிகிச்சைக்கு வழியில்லை என்றுதான் படிப்பவர் எடுத்துக்கொள்வார். பாய்ச்சல் பிடிக்காத மொழிபெயர்ப்பாளர் பெர்ஃபியூஷன் என்றே எழுதிவிட்டுப் போகட்டும். தனித்தமிழ் விரும்பும் எனக்கே அதில் மறுப்பில்லை.