சார்னோகைட் இல்லை என்று எழுதுமுன்

மணலை உள்ளங்கையில் எடுத்து, தேய்த்துப் பார்த்து, எந்த ஆற்று மணல் என்று சொல்லிவிடும் மேஸ்திரிகள் உண்டு. என் பிழைப்பும் ஏறக்குறைய அதுதான். எனக்கு வருவது மட்டும் கடலடியில் கிலோமீட்டர் கணக்கில் புதைந்து கிடந்த மணல்.

கோண்டுவானா என்ற பழைய பெருங்கண்டம் பிளந்தபோது உண்டான பள்ளம் காவிரிப் படுகை. ஒரு பகுதி தரையில், மீதி நாகப்பட்டினம், காரைக்கால் கரைக்கு அப்பால் கடலுக்குள். டைனோசர்களின் கடைசிக் கட்டமான கிரிட்டேசியஸ் காலத்தில் அதில் வந்து கொட்டிய மணல் எந்த மலையைக் கரைத்து வந்தது? எண்ணெய் தேடுகிறவர்களுக்கு இது காசு விஷயம். மணல் வந்த வழி தெரிந்தால்தான் அடுத்த நல்ல அடுக்கு எங்கே என்று ஊகிக்கலாம்.

குவார்ட்ஸைக் கேட்டுப் பயனில்லை, அது எல்லா ஊரிலும் இருக்கிறது. ஊர் பெயர் சொல்பவை, பெரும்பாலும் நூற்றுக்கு ஒன்றுகூடத் தேறாத கன கனிமங்கள். 63 முதல் 125 மைக்ரான் வரையுள்ள மணலைச் சலித்தெடுத்து, 2.9 அடர்த்தியுள்ள திரவத்தில் கொட்டினால் குவார்ட்ஸ் மிதக்கும். கார்னெட், சிர்க்கான், ரூட்டைல், டூர்மலின் எல்லாம் அடியில் இறங்கும். அதை ஸ்லைடில் ஏற்றி, மணி மணியாக எண்ண வேண்டும்.

இறங்குவதெல்லாம் பாறை தந்ததும் அல்ல. எண்ணெய்க் கிணறு தோண்டும்போது விடும் சேற்றில் எடைக்காகப் பேரைட் என்ற கனிமத்தைக் கலப்பார்கள். அதன் அடர்த்தி 4.5, சிர்க்கானுக்குப் பக்கம். தோண்டும்போது மேலே வரும் பாறைத் துண்டுகளான கட்டிங்ஸைச் சரியாகக் கழுவாவிட்டால் ஸ்லைடு முழுக்கப் பேரைட்தான். கடப்பா பக்கத்து மங்கம்பேட்டைப் பேரைட் சுரங்கத்தைக் கடலடி மணலின் பூர்வீகம் என்று எழுதிவைக்கலாம்!

இதைவிடப் பெரிய வம்பு, இல்லாததைப் படிப்பது. பல்லாவரம் குன்றுகளிலும் சேர்வராயன் மலையிலும் உள்ள சார்னோகைட் என்ற பாறையின் அடையாளம் ஹைப்பர்ஸ்தீன் என்ற கனிமம். ஆழத்து மணலில் அது தென்படாததைப் பார்த்து "சார்னோகைட் நிலப்பரப்பிலிருந்து வரவில்லை" என்று முடித்த அறிக்கைகளைப் படித்திருக்கிறேன். அவசரம். புதைந்த மணலில் சூடான நீர் ஊறும்போது பைராக்சீன்தான் முதலில் கரையும். ஹைப்பர்ஸ்தீன் அந்த இனம். பிறகு ஹார்ன்பிளெண்ட், எபிடோட், கயனைட். கார்னெட்கூட முகமெல்லாம் அரித்துப்போய்த்தான் மிஞ்சும். சிர்க்கானும் ரூட்டைலும் டூர்மலினும் கடைசிவரை நிற்கும். ஹைப்பர்ஸ்தீன் போனாலும், தப்பித்த கார்னெட்டை, மணியின் வேதிக் கலவையை அளக்கும் எலக்ட்ரான் மைக்ரோபுரோபில் வைத்துப் பாருங்கள். மக்னீசியம் மிகுந்து கால்சியம் குறைந்திருந்தால் சார்னோகைட் போன்ற உயர்வெப்ப உருமாற்றப் பாறைகளின் வாடை அடிக்கும்.

வெறும் சதவீதத்தையும் நம்புவதில்லை. ஓடும் நீர் கனத்ததை ஓரிடத்திலும் லேசானதை வேறிடத்திலும் போடும். ஆகவே அடர்த்தியில் நெருங்கிய ஜோடிகளை ஒப்பிடுவோம்: ரூட்டைலுக்குச் சிர்க்கான், அப்பட்டைட்டுக்கு டூர்மலின். இரண்டாவது ஜோடி ருசியானது. அப்பட்டைட் புதைவைத் தாங்கும், ஆனால் நிலத்தின் அமில மண்ணில் கரையும். அது குறைந்திருந்தால், மணல் கடலுக்கு வருமுன் வெள்ளச் சமவெளிகளில் நெடுநாள் கிடந்து மக்கியிருக்கலாம்.

அதில்தான் நான் ஒருமுறை வழுக்கி விழுந்தேன். ஒரு கிணற்றின் மாதிரிகளில் அப்பட்டைட் ஒரு மணிகூட இல்லை. வெப்பமும் மழையும் மிகுந்த பழைய சமவெளி ஒன்றை மனத்துக்குள் வரைந்து, நான்கு பக்கம் எழுதியும்விட்டேன். மணிகளை ஒட்டவைத்திருக்கும் சுண்ணாம்பு கரைவதற்காக மாதிரிகளை ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஊறவைத்தது நான்தான் என்பது பிறகுதான் உறைத்தது. அப்பட்டைட்டைத் தின்றது மழையல்ல, என் பீக்கர். மிச்ச மாதிரியை நீர்த்த அசிட்டிக் அமிலத்தில் போட்டு மறுபடி எண்ணினேன். ஸ்லைடில் அங்கங்கே நிறமற்ற, முனை மழுங்கிய அப்பட்டைட் மணிகள் எட்டிப் பார்த்தன. நான்கு பக்கமும் குப்பைக்குப் போயின.

சிர்க்கான் வயது பார்த்தால் போதாதா என்று கேட்பார்கள். பாறைகள் ஒன்றையொன்று உரசி நழுவிய பாலக்காடு–காவிரி வெட்டு மண்டலத்துக்கு வடக்கே சுமார் 250 கோடி ஆண்டு வயது ஓங்கி நிற்கும். தெற்கே மதுரைப் பக்கம் 55 கோடியை ஒட்டிய உருமாற்றத்தின் தடமும் சேரும். நல்ல கருவிதான். ஆனால் சிர்க்கான் சாகாவரம் பெற்றது. பழைய மணற்பாறை ஒன்றில் தூங்கிவிட்டு இரண்டாம் பயணமாகவும் வந்திருக்கலாம், வயது எண் அதைச் சொல்லாது. அதனால் வயது பார்க்கும் லேசருக்கு அனுப்புமுன் மணிகளின் விளிம்பு பயணத்தில் தேய்ந்து உருண்டிருக்கிறதா, கூர்மையாக இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகக் குறித்துக்கொள்கிறேன். ஸ்லைடு லேபிளிலும் கிணற்றின் எண், ஆழம், அதற்குக் கீழே எந்த அமிலம், எத்தனை மணி நேரம் என்று எழுதுகிறேன்.