வயிற்றை அமுக்காதீர்கள், கும்பிட்டுக் கேட்கிறேன்

"தண்ணியெல்லாம் எடுத்துட்டோம் டாக்டர், இனிமே நீங்க பார்த்துக்குங்க." முத்துப்பேட்டை லகூனில் (கடலோரக் காயலில்) மூழ்கியவரைத் தூக்கி வருகிறவர்கள் பாதி வேலையை முடித்துவிட்ட தோரணையில் இதைச் சொல்கிறார்கள்.

இந்தப் பொங்கல் விடுமுறையிலும் ஒரு பையன் வந்தான். வெளிநாட்டிலிருந்து வந்த சிநேகிதர்களைப் படகில் ஏற்றித் திட்டுத் திட்டாகச் சுற்றிக் காட்டியிருக்கிறான். லைஃப் ஜாக்கெட் இருந்ததாம், உட்காருவதற்கு மெத்தையாக! வயிற்றில் ஏறி அமுக்கி, தலைகீழாகத் தோளில் போட்டுச் சுற்றி, சட்டையெல்லாம் சோற்றுப் பருக்கையோடு கொண்டுவந்தார்கள். காப்பாற்ற முடியவில்லை.

நீரில் மூழ்கியவர் தண்ணீர் குடித்துச் சாவதில்லை, மூச்சுக் கிடைக்காமல் சாகிறார். வயிற்றுக்குள் போன தண்ணீர் அவரை ஒன்றும் செய்யாது, கிடந்துவிட்டுப் போகட்டும். நுரையீரலுக்குள் போன தண்ணீர் பெரும்பாலும் கொஞ்சம்தான், அது வயிற்றை அமுக்கினால் வராது. வருவது மதியம் சாப்பிட்ட சாப்பாடு. மயங்கிக் கிடப்பவரால் இருமித் தள்ள முடியாது, அதனால் அது நேரே மூச்சுக்குழாயில் இறங்கும். தூக்கிச் சுற்றுகிற அந்த நாலைந்து நிமிடத்தில் மூளை ஆக்ஸிஜன் இல்லாமல் கெட ஆரம்பித்துவிடும். சினிமாவில் ஒரு வாய்த் தண்ணீரைத் துப்பிவிட்டு எழுந்து உட்காரும் கதாநாயகி யாரும் எங்கள் வார்டுக்கு இதுவரை வந்ததில்லை.

மூச்சு இல்லையா? மல்லாக்கப் படுக்க வையுங்கள். நெற்றியைச் சாய்த்து, மோவாயைத் தூக்கி, மூக்கைப் பிடித்துக்கொண்டு வாயோடு வாய் வைத்து முதலில் 5 தடவை ஊதுங்கள். பிறகு நெஞ்சின் நடுவில் 30 அழுத்தம், 2 ஊதல் என்று மாற்றி மாற்றி. 5 செ.மீ. உள்ளே போகிற மாதிரி, நிமிடத்துக்கு 100 முதல் 120 வேகத்தில் அழுத்த வேண்டும். வாயில் நுரை தள்ளும், அதைத் துடைத்துக்கொண்டு நிற்காதீர்கள். இன்னொருவர் 108-ஐக் கூப்பிடட்டும். ஜாம்புவானோடை படகுத்துறை வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம், படகிலேயே ஆரம்பியுங்கள்.

"அலையே இல்லை, இடுப்பளவுதானே" என்பார்கள். பாமணியாறும் கோரையாறும் கொண்டுவந்து கொட்டிய சேறு அடியில் இருக்கிறது. குதித்தவன் கால் அதில் புதைந்தால் நீச்சல் தெரிந்து என்ன பிரயோஜனம்? ஜாக்கெட்டை மாட்டி, கிளிப்பையும் போடுங்கள். திறந்து தொங்கினால் தண்ணீரில் அது தனியே, ஆள் தனியே. குடித்தவரைப் படகில் ஏற்றாதீர்கள், அவர் எவ்வளவு தூரத்திலிருந்து வந்த விருந்தாளியாக இருந்தாலும் சரி.

கண் முழித்துவிட்டார், பேசுகிறார் என்று நேரே வீட்டுக்கும் அழைத்துப் போகாதீர்கள். மூச்சுத் திணறல் சில மணி நேரம் கழித்தும் கூடலாம். அன்று ராத்திரி எங்கள் கண் முன்னால் படுத்திருக்கட்டும்.