ஒகேனக்கல் இரைச்சலில் சுருதி பிடிப்பது எப்படி?

ஒகேனக்கல் அருவிப் பக்கம் நின்றால் பேசுவதுகூடக் காதில் விழாது, அவ்வளவு இரைச்சல். அதில் சுரமே இல்லை என்று தோன்றும், ஆனால் எல்லாச் சுரமும் உள்ளே இருக்கிறது, எதுவும் தனியாகத் துருத்திக்கொண்டு தெரியவில்லை, அவ்வளவுதான். விழுகிற தண்ணீர் காற்றையும் உள்ளே இழுத்துக் குமிழிகளாக்கிவிடும். பெரிய குமிழி கட்டையாக அதிரும், சின்னது கீச்சென்று அதிரும், எக்கச்சக்கமாகச் சேரும்போது நமக்குக் கேட்பது வெறும் ‘சோ’.

இதைப் போனில் பதிவு செய்து (ரொம்பப் பக்கத்தில் போக வேண்டாம், மைக் தாங்காமல் ஒலி உடைந்துவிடும்) கணினியில் ஃபில்டர் (வேண்டிய சுரங்களை மட்டும் விட்டு மற்றதை வடிகட்டும் கருவி) போட்டால் புல்லாங்குழலுக்குப் பின்னணியாக ஒலிக்கும் சுருதி கிடைத்துவிடும். புல்லாங்குழல் 5 கட்டைச் சுருதி என்று வைத்துக்கொள்வோம். சட்ஜம் 196 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 196 அதிர்வு), மேல் சட்ஜம் 392, நடுவில் பஞ்சமம் 294. இந்த மூன்று இடத்தில் மட்டும் சின்னச் சந்து விட்டு மற்றதை அடைத்துவிட்டால், மூச்சு விடுகிற தம்பூரா போல ஒரு நாதம் வரும். சந்தின் அகலம் 5 ஹெர்ட்ஸ் என்றால் நாதத்தின் சத்தம் நொடிக்குச் சில முறை தானாகவே ஏறி இறங்கும், 1 ஹெர்ட்ஸ் ஆக்கினால் நிதானமாகத் ததும்பும், 50 வரை விரித்தால் மறுபடி தண்ணீர் தலைகாட்டும். சிந்தசைசரின் ஒரே சீரான ஒலியைவிட இதுதான் குழலோடு நன்றாக ஒட்டுகிறது என்பேன், ஏனென்றால் குழலிலும் காற்றின் இரைச்சல் கலந்திருக்கிறது.

அப்புறம் வெயில். காற்று 1 டிகிரி சூடானால் ஒலியின் வேகம் நொடிக்குச் சுமார் 0.6 மீட்டர் கூடும். ஓசூரின் மார்கழிக் காலையில் சேர்த்த சுருதியைத் தருமபுரியின் மே மாத மதியத்தில் வாசித்தால் குழல் ஏறி நிற்கும், கணினி நகராது. 10 டிகிரி வித்தியாசத்துக்குக் கணக்குப்படி 392 ஹெர்ட்ஸ் சுரம் 6, 7 ஹெர்ட்ஸ் ஏறும். வாசிப்பவரின் மூச்சுச் சூடு குழலுக்குள் எப்போதும் இருப்பதால் நடைமுறையில் அவ்வளவு போகாது, ஆனால் 3 ஹெர்ட்ஸ் விலகினாலே இரண்டும் மோதி நொடிக்கு 3 முறை அதிரும். கலைஞரை உதட்டால் இறக்கி வாசிக்கச் சொல்லாதீர்கள், பாவம். ஃபில்டரில் இருப்பது வெறும் எண், அதை மாற்றினால் போதும்.

குழலோடு பம்பை மேளமும் சேர்ந்தால் கவனம் வேறு இடத்தில் வேண்டும். ஒரு வாத்தியத்தைக் காது அடையாளம் காண்பதில் அதன் தொடக்கத்துக்குப் பெரிய பங்கு உண்டு. 1948-இல் பாரிஸில் பியர் ஷெஃபர் என்ற இசையமைப்பாளர் பதிவு செய்த மணியோசையின் தொடக்கத்தை வெட்டிப் பார்த்தார், அது மணியாகவே கேட்கவில்லை. அதனால் பம்பையின் அடி விழும் அந்த நொடியில் அருவி நாதத்தைக் கொஞ்சம் தாழ்த்தி, பிறகு மெதுவாக ஏற்றுங்கள்.