காத்திருக்க முடியாத இடத்தில் ஒரு வரி எழுதுவது

லினக்ஸ் கணினி தொடங்கும்போது கறுப்புத் திரையில் கடகடவென்று ஓடும் வரிகளைப் பார்த்திருப்பீர்கள். இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலுக்குள் இருக்கும் ‘பிரிண்ட்கே’ என்ற ஃபங்ஷன்தான் அவற்றை எழுதுகிறது. கெர்னலின் எந்த மூலையிலிருந்தும் அதைக் கூப்பிடலாம். இந்த வசதியை உண்மையாக்க எவ்வளவு பாடுபட வேண்டியிருந்தது என்பது வெளியே அதிகம் தெரியாது.

சாதாரண நிரல் ஒன்று கோப்பில் எழுதும்போது, வட்டு தயாராகும்வரை தூங்கலாம். செயலியின் கவனத்தைக் கேட்டு வரும் குறுக்கீடுதான் இன்டரப்ட்; அதைக் கவனிக்கும் நிரலான இன்டரப்ட் ஹேண்ட்லரால் அப்படித் தூங்க முடியாது. நெட்வொர்க் கார்டு செயலியைத் தட்டியதும், ஓடிக்கொண்டிருந்த வேலையைப் பாதியில் நிறுத்தி, அதன் மேலேயே ஹேண்ட்லர் ஓடுகிறது. சட்டென்று முடித்துவிட்டு இடத்தைக் காலி செய்ய வேண்டும்.

செயலிக்குள் தனித்தனியாக வேலை செய்யும் பல கோர்கள் ஒரே நேரத்தில் எழுதினால் வரிகள் கலந்துவிடும் என்பதால், பழைய பிரிண்ட்கே ‘ஸ்பின்லாக்’ என்ற பூட்டை வைத்திருந்தது. பூட்டு கிடைக்காத கோர் அது விடுபடும்வரை சுற்றிக்கொண்டே நிற்கும். சரி, பூட்டைப் பிடித்திருக்கும் கோரிலேயே இன்டரப்ட் வந்து, அந்த ஹேண்ட்லரும் எழுத முயன்றால்? பூட்டு விடுபட ஹேண்ட்லர் முடிய வேண்டும். ஹேண்ட்லர் முடியப் பூட்டு விடுபட வேண்டும். சாவியை உள்ளே வைத்துக் கதவைப் பூட்டிய கதைதான். அதனால் பூட்டு கையில் இருக்கும்வரை அந்தக் கோரில் இன்டரப்டுகளை நிறுத்திவைத்தார்கள்.

ஆனால் அப்படி நிறுத்திவைக்க முடியாத இன்டரப்ட் ஒன்று உண்டு: என்எம்ஐ (நான்-மாஸ்கபிள் இன்டரப்ட்). ஒரு கோர் இன்டரப்டுகளை அடைத்துக்கொண்டு உறைந்துபோனால், அது எங்கே மாட்டிக்கொண்டது என்று கண்டுபிடிக்க அதைத்தான் பயன்படுத்துகிறார்கள். மிக அவசியமான செய்தி பிறக்கும் இடமே பூட்டு சிக்கிக்கொள்ளும் இடமாகவும் இருந்தது. 2016-இல் வந்த 4.7 பதிப்பில் ஒவ்வொரு கோருக்கும் தனியாக ஒரு சிறு பஃபர், அதாவது செய்திகளைத் தற்காலிகமாக வைக்கும் நினைவக இடம், கொடுத்தார்கள். என்எம்ஐ அதில் எழுதிவிட்டுப் போகும், பிறகு அதைப் பொதுப் பஃபரில் சேர்த்துக்கொள்வார்கள். உயிர் போகவில்லை, ஆனால் செய்திகளின் நேரமும் வரிசையும் குழம்பின.

அசல் தீர்வு 2020 டிசம்பரில் 5.10 பதிப்போடு வந்தது: ஜான் ஓக்னஸ் எழுதிய, பூட்டே இல்லாத ரிங் பஃபர் (கடைசி வரை நிரம்பியதும் மறுபடி தொடக்கத்திலிருந்து எழுதும் வளைய வடிவப் பஃபர்). கெர்னலில் எனக்கு மிகவும் பிடித்த வேலைகளில் இது ஒன்று. ‘அடுத்த இடம் இன்னும் 40-தானா? ஆமென்றால் 41 ஆக்கு’ என்ற சோதனையையும் மாற்றத்தையும் செயலி பிரிக்க முடியாத ஒரே செயலாகச் செய்கிறது. 40 என்று பார்த்துவிட்டு மாற்றுவதற்குள் என்எம்ஐ குறுக்கிட்டால், அது 40-ஐத் தனக்கு எடுத்துக்கொண்டு எழுதி முடித்துவிடும். திரும்பி வந்த பழைய வேலை, எண் மாறியிருப்பதைப் பார்த்து 41-ஐக் கேட்கும். யாரும் யாருக்காகவும் நிற்பதில்லை. ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு நிலைக்குறி உண்டு என்பதால், பாதி எழுதிய செய்தியைப் படிப்பவர் தொடமாட்டார். பஃபர் நிரம்பினால் மிகப் பழைய செய்தி போகும். அந்தப் பழைய இடத்திலேயே ஒருவர் இன்னும் எழுதிக்கொண்டிருந்தால், புதிய செய்தியைக் கைவிடுவார்களே தவிர, காத்திருக்கமாட்டார்கள். துணிச்சலான, சரியான முடிவு.

பஃபரில் சேர்ப்பது பாதி வேலைதான். அப்புறம் அதைக் கன்சோலுக்கு, அதாவது திரைக்கோ சீரியல் இணைப்புக்கோ, அனுப்ப வேண்டும். நொடிக்கு 115200 பிட் வேகத்தில் ஓடும் சீரியல் இணைப்பு நொடிக்கு 11,520 எழுத்துகள் அனுப்பும். 80 எழுத்து வரி ஒன்றுக்குச் சுமார் 7 மில்லி நொடி. 3 கிகாஹெர்ட்ஸ் செயலிக்கு அது 2 கோடிக்கும் அதிகமான துடிப்புகள். பழைய முறையில், எழுதக் கூப்பிட்டவரே பெரும்பாலும் இதையும் செய்தார், சில நேரம் மற்றவர்களின் செய்திகளையும் சேர்த்து. இன்டரப்டுக்குள் இது கொடுமை.

புதிய வகைக் கன்சோல்களில் அனுப்பும் வேலையைத் தனி கெர்னல் த்ரெட் (பின்னணியில் தனியாக ஓடும் பணி) பார்த்துக்கொள்கிறது. கணினியே சாகும் தருணத்தில் அந்த த்ரெட்டை நம்ப முடியாது. ஆகவே சாதாரணம், அவசரம், பேனிக் (கெர்னல் மீள முடியாமல் நின்றுபோகும் நிலை) என்று முன்னுரிமை வைத்திருக்கிறார்கள். பேனிக்கில் இருக்கும் கோர், சாதனம் பாதி நிலையில் இல்லாத நேரம் பார்த்துக் கன்சோலைக் கைப்பற்றும். அதுவும் வாய்க்காவிட்டால், கடைசி முயற்சியாகப் பாதுகாப்பில்லாமலும் பிடுங்கிக்கொள்ளும்.

குறித்த நேரத்துக்குள் வேலை நடப்பதை உறுதிசெய்யும் ரியல்டைம் லினக்ஸ், முதன்மைக் கெர்னலுக்குள் முழுமையாக வருவதற்குக் கடைசிப் பெரிய தடையாக நின்றது இந்த பிரிண்ட்கேதான். 2024 செப்டம்பரில் வியன்னாவில், அதைச் சேர்க்கும் கோரிக்கையை அச்சிட்டு, தங்க நிறத் தாளில் சுற்றி, லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸிடம் கொடுத்தார்கள். அது நவம்பரில் 6.12 பதிப்பாக வெளிவந்தது.

சாதனத்தை இயக்கும் நிரலான டிரைவரை எழுதுகிறவருக்கு இன்னும் ஒரு கவலை மிச்சம். பழுதான சாதனம் ஆயிரக்கணக்கில் இன்டரப்ட் அனுப்பி, ஒவ்வொன்றும் ஒரு வரி எழுதினால், பயனுள்ள பழைய செய்திகள் அடித்துச் செல்லப்படும். அதற்காக பிரிண்ட்கேயின் கட்டுப்பாட்டு வடிவம் தனியே இருக்கிறது: இயல்பாக 5 நொடிக்கு 10 செய்திகளை மட்டும் விடும், மீதியை எண்ணி, எத்தனை அடக்கப்பட்டன என்று ஒரே வரியில் சொல்லிவிடும்.