அப்பாவுக்கு இல்லை, மகளுக்கு உண்டு

அப்பாவின் மரபணுவில் பழுது இருக்கிறது; அவருக்கு வலிப்பு வந்ததே இல்லை. அதே மரபணுவைப் பெற்ற மகளுக்கோ, பெரும்பாலும் ஒரு வயதையொட்டி, காய்ச்சலோடு வலிப்பு தொடங்குகிறது. ஒரு தடவையோடு விடுவதில்லை, அடுத்தடுத்துக் கொத்தாக வரும்.

எக்ஸ் குரோமோசோமில் உள்ள மரபணு கெட்டால் வழக்கமாக ஆண் குழந்தைகள்தான் மாட்டிக்கொள்வார்கள். ரத்தம் எளிதில் உறையாத ஹீமோஃபிலியா நோய் அப்படித்தான். அவர்களிடம் எக்ஸ் ஒன்றே ஒன்று, மாற்று கிடையாது. இங்கே எல்லாம் தலைகீழ். இப்படியொரு குடும்பத்தை மருத்துவர்கள் 1971இல் பதிவு செய்தார்கள். காரணம் பிசிடிஎச்19 என்ற மரபணு என்று தெரியவர 2008 ஆகிவிட்டது.

அந்த மரபணு தயாரிப்பது புரோட்டோகேடரின்-19. நரம்பு செல்லின் சவ்வைத் துளைத்து நிற்கும் இந்தப் புரதத்தில் 1,148 அமினோ அமிலங்கள். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பகுதி ஆறு துண்டுகளாலான கோல். துண்டுகள் சேரும் மூட்டுகளில் கால்சியம் உட்கார்ந்தால்தான் கோல் விறைப்பாக நிற்கும். பக்கத்து செல்லிலிருந்து நீளும் அதே புரதத்தை எதிர்த்திசையில் இது பற்றிக்கொள்கிறது. விரலோடு விரல் கோப்பதாக நினைக்க வேண்டாம்; இருவர் ஒருவர் முன்கையை மற்றவர் முழங்கை வரை பிடித்துக்கொள்வது போன்ற பிடி. அதுவும் யாரோடு வேண்டுமானாலும் அல்ல, தன் இனத்தோடு.

அப்படியென்றால் புரதமே இல்லாத அப்பாவின் மூளை சிதறிப்போயிருக்க வேண்டுமே? இல்லை. அவருடைய எந்தச் செல்லிலும் அது கிடையாது; எல்லாச் செல்களும் ஒரே நிலையில் இருக்கின்றன. மற்ற ஒட்டும் புரதங்களை வைத்து அவை சமாளித்துக்கொள்கின்றன போலும். மகளின் நிலைமை வேறு. பெண் கருவின் ஒவ்வொரு செல்லும் இரண்டு எக்ஸில் ஒன்றைத் தொடக்கத்திலேயே வாயடைத்துவிடும். மரபியலாளர் மேரி லயன் 1961இல் முன்வைத்த கருத்து இது. எந்த எக்ஸ் என்பது குருட்டுச் சீட்டு. ஆகவே அவள் மூளையில் புரதம் உள்ள செல்களும் இல்லாத செல்களும் கலந்து கிடக்கின்றன. உள்ளவை உள்ளவற்றோடு சேர, இல்லாதவை ஒதுங்குகின்றன.

வெறும் ஊகமல்ல. 2018இல் வெளியான ஆய்வில், இப்படிக் கலந்த சுண்டெலிக் கருவின் மூளையில் இரு வகை செல்களும் பட்டை பட்டையாகப் பிரிந்து நின்றன. புரதமே இல்லாத எலிகளில் அந்தப் பட்டைகள் இல்லை.

இந்த நோய் அபூர்வமாகச் சில ஆண் குழந்தைகளுக்கும் வருகிறது. கரு உருவான பிறகு சில செல்களில் மட்டும் மரபணு கெட்ட பையன்கள் அவர்கள்.