ஒட்டுனா மட்டும் போதாது: கேன்சர் தடுப்பூசிக்கு துண்டு தேடுற கதை

கேன்சர் செல்லும் நம்ம உடம்புல பொறந்ததுதான, அப்புறம் இம்யூன் சிஸ்டம் அதை எப்படி வேத்தாளுன்னு கண்டுபிடிக்கும்? மியூட்டேஷனை வச்சுதான். டிஎன்ஏல ஒரு எழுத்து மாறுனா புரோட்டீன்ல ஒரு அமினோ அமிலம் மாறலாம், அப்படி மாறுன இடம் வர்ற துண்டு அந்த ஆளோட நல்ல செல் எதுலயும் இருக்காது, அதுக்குப் பேர் நியோஆன்டிஜன். வெயில்பட்டு வர்ற மெலனோமாங்கற தோல் கேன்சர்லயும், சிகரெட்டால வர்ற நுரையீரல் கேன்சர்லயும் இது நூத்துக்கணக்குல கிடக்கும். இந்தத் துண்டுகளை இம்யூன் சிஸ்டத்துக்கு அடையாளம் காட்டிக்கொடுக்கறதுதான் இந்த கேன்சர் தடுப்பூசியோட வேலை. ஆனா தடுப்பூசில இடம் கம்மி, பயோஎன்டெக் கம்பெனி ஊசில அதிகபட்சம் 20 துண்டு, மாடர்னா கம்பெனியோடதுல 34. எதைப் பொறுக்கறதுங்கறதுதான் பிரச்சனையே.

செல்லுக்குள்ள புரோட்டியசோம்ங்கற வெட்டுற மெஷின் புரோட்டீனை வெட்டிப்போடும், அதுல பெரும்பாலும் 8ல இருந்து 11 அமினோ அமிலம் நீளமுள்ள துண்டை எச்எல்ஏங்கற மூலக்கூறு தூக்கிட்டு வந்து செல்லுக்கு வெளிய தட்டுல வச்ச மாதிரி நீட்டும், சுத்திட்டு இருக்கற டி செல் (இம்யூன் சிஸ்டத்தோட சிப்பாய்) அதைப் பாத்து அடிக்கலாமா விடலாமான்னு முடிவு பண்ணும். இந்த வேலைக்கான எச்எல்ஏ ஒருத்தருக்கு அதிகபட்சம் ஆறு வகை, அப்பா பக்கம் மூணு அம்மா பக்கம் மூணு, ஆனா உலகத்துல ஆயிரக்கணக்கான வகை இருக்கு, ஒவ்வொண்ணுக்கும் ருசி வேற. ஏ2ன்னு சொல்ற வகைக்கு துண்டோட ரெண்டாவது இடத்துல லியூசின்ங்கற அமினோ அமிலமும் கடைசில வாலினோ லியூசினோ இருந்தா ரொம்ப பிடிக்கும். அதனால ஒரே மியூட்டேஷன் உங்களுக்கு பிரயோஜனப்படும், எனக்கு சுத்தமா ஆகாம போகும்.

எந்தத் துண்டு எந்த எச்எல்ஏல ஒட்டும்னு சொல்றதுல கம்ப்யூட்டர் இப்ப கெட்டிதான். டென்மார்க் டெக்னிக்கல் யுனிவர்சிட்டியோட நெட்எம்எச்சிபேன்ங்கற சாஃப்ட்வேர்தான் நிறைய பேர் யூஸ் பண்றது, லேப்ல அளந்த டேட்டாவை வச்சு பழக்குன நியூரல் நெட்வொர்க். ஐரோப்பியர்கள்கிட்ட அதிகமா இருக்கற எச்எல்ஏ வகைகளுக்குத்தான் டேட்டா கொட்டிக்கிடக்கு, மத்த வகைகள்ல கணிப்பு கொஞ்சம் தள்ளாடும்.

ஆனா ஒட்டுன துண்டுக்கெல்லாம் டி செல் கோபப்படாது. டெஸ்லான்னு ஒரு கூட்டு முயற்சி (கார் கம்பெனி இல்ல), அதுல 20க்கும் மேல டீமுக்கு ஒரே டியூமர் டேட்டாவைக் கொடுத்து எந்தத் துண்டுக்கு டி செல் கோபப்படும்னு லிஸ்ட் போடச் சொன்னாங்க. 2020ல செல் ஜர்னல்ல ரிசல்ட் வந்துச்சு, டெஸ்ட் பண்ணுன 608 துண்டுல டி செல் கண்டுக்கிட்டது வெறும் 37, அதாவது 6%. இத்தனைக்கும் எல்லாம் இந்த ஃபீல்டுல பழம் தின்னு கொட்டை போட்ட ஆளுங்க.

அந்த 37 எதுல வேறயா இருந்துச்சு? எச்எல்ஏல இறுக்கமா ஒட்டுச்சு, சீக்கிரம் கழண்டு விழல, அந்தத் துண்டு வந்த ஜீனும் டியூமர்ல நிறைய வேலை செஞ்சுச்சு. அதோட நம்ம சொந்த புரோட்டீன் ஜாடை இல்லாம இருக்கறதும் முக்கியம், ஏன்னா சொந்தத் துண்டை அடிக்கற டி செல்லை, டி செல் வளர்ற உறுப்பான தைமஸ் பெரும்பாலும் முன்னாடியே கொன்னுடுது, ஜாடை ஒத்துப்போனா அதைப் பாக்க ஆளே இருக்காது. என்னைக் கேட்டா மாட்டிக்கிட்டு இருக்கறதே இங்கதான், ஒருத்தர் உடம்புல எந்தெந்த டி செல் மிச்சம் இருக்குன்னு ஜீன் டேட்டாவைப் பாத்து சொல்ல முடியல.

நியூயார்க் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங்ல கணையக் கேன்சர் ஆபரேஷன் ஆன 16 பேருக்கு பயோஎன்டெக் ஊசி போட்டாங்க, 2023ல நேச்சர்ல வந்துச்சு. 8 பேருக்கு டி செல் கிளம்புச்சு, அதுலயும் பாதிப்பேருக்குத்தான் ஒண்ணுக்கு மேல நியோஆன்டிஜனை அது பிடிச்சுச்சு. அந்த 8 பேருக்கு நோய் திரும்ப வர்றது தள்ளிப்போச்சு, ஆனா அது ஊசியாலயா, இல்ல அவங்க இம்யூன் சிஸ்டம் ஏற்கனவே திடமா இருந்ததாலயான்னு இவ்ளோ சின்ன ட்ரையலை வச்சு பிரிச்சு சொல்ல முடியாது.