பெட்டியில் 15,000 லுமென்ஸ், சுவரில் எவ்வளவு?

தீபாவளித் தள்ளுபடி முடிந்த மறுவாரமே போன் வரத் தொடங்கிவிடும். "ப்ரொஜெக்டர் வாங்கியாச்சுங்க, வந்து மாட்டிக் குடுத்தாப் போதும்." கோவையில் ஹோம் தியேட்டர் அமைத்துக் கொடுப்பது என் தொழில் என்பதால் போகத்தான் வேண்டும். போனால் எல்லா வீட்டிலும் ஒரே கதை. ஒன்பதாயிரம் ரூபாய்ப் பெட்டி, அதன்மேல் கொட்டை எழுத்தில் 15,000 லுமென்ஸ், 4கே சப்போர்ட். ஹாலில் மூன்று ஜன்னல், மேற்குப் பார்த்த பால்கனி. சாயங்கால வெயிலில் கிரிக்கெட் போட்டுப் பார்த்துவிட்டு, "ஏனுங்க, டேமேஜ் பீஸ் அனுப்பிட்டாங்களா?" என்று கேட்பார்கள். பீஸில் ஒரு குறையும் இல்லை. அதற்கு முடிந்தது அவ்வளவுதான்.

இந்த லுமென்ஸ் விவகாரத்தை ஒருமுறை முழுசாகச் சொல்லிவிடுகிறேன். லுமென்ஸ் என்பது வெளிச்சத்தின் அளவு. வெறும் 'லுமென்ஸ்' என்று போட்டால் அதற்கு யாரும் பொறுப்பில்லை, விற்பவர் வாய்க்கு வந்த எண். கேட்க வேண்டியது ஆன்சி லுமென்ஸ். வெள்ளைப் படம் ஒன்றைத் திரையில் போட்டு, அதை ஒன்பது கட்டமாகப் பிரித்து, ஒவ்வொன்றின் நடுவிலும் விழும் வெளிச்சத்தை அளந்து, சராசரியைத் திரையின் பரப்பால் பெருக்கி வருவது. அதாவது லென்ஸைத் தாண்டி உண்மையிலேயே வெளியே வந்த வெளிச்சம். ஐ.எஸ்.ஓ. லுமென்ஸ் என்று போட்டிருந்தாலும் நம்பலாம், ஏறக்குறைய அதே முறைதான்.

நான் சொல்வதை நம்ப வேண்டாம், ப்ரொஜெக்டரின் அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் வாட்ஸைப் பாருங்கள். வீட்டில் எரிகிற 9 வாட்ஸ் எல்.இ.டி. பல்ப் சுமார் 900 லுமென்ஸ் தரும். வாட்ஸுக்கு நூறு என்று வைத்துக்கொண்டால், 80 வாட்ஸ் ப்ரொஜெக்டருக்கு உள்ளேயே 8,000 லுமென்ஸ்தான் பிறக்கும். அது படம் உருவாகும் ஒற்றை எல்.சி.டி. பேனலைக் கடந்து வெளியே வரும்போது பத்தில் ஒரு பங்கு தேறினால் பெரிது. இந்த ரகத்தில் நான் அளந்து பார்த்தவை பெரும்பாலும் 150 முதல் 300 ஆன்சிக்குள் அடங்கிவிட்டன. இத்தனைக்கும் மல்டிபிளெக்ஸில் பெரிய திரைக்கு வெளிச்சம் அடிக்கிற ப்ரொஜெக்டர்தான் 30,000 லுமென்ஸ் அளவில் வரும். அதைத் தூக்க நாலு ஆள் வேண்டும், சூட்டை வெளியேற்றத் தனிக் குழாய் வேண்டும். அதில் பாதி உங்கள் டீப்பாய் மேல் இருக்கிறது என்று எப்படி நம்புகிறீர்கள்?

இதில் நல்ல சேதியும் உண்டு. தியேட்டர் திரையின் பிரகாசத்துக்கு ஒரு அளவு வைத்திருக்கிறார்கள், 14 ஃபுட்-லாம்பர்ட். உங்கள் 100 அங்குலத் திரையில் அதே பிரகாசம் வர, முழு இருட்டில் 400 ஆன்சிக்குச் சற்று மேல் போதும். சினிமா மோடில் கொஞ்சம் குறையும், நாளாக ஆக இன்னும் கொஞ்சம் குறையும். அதையும் சேர்த்து 600, 700 என்று வாங்கினால் நிம்மதி.

ஆனால் 'முழு இருட்டில்'. அந்த வார்த்தையைத்தான் எல்லோரும் காதில் போட்டுக்கொள்வதில்லை. ப்ரொஜெக்டரால் கறுப்பு நிறத்தைப் பாய்ச்ச முடியாது. விளக்கை அணைக்காத அறையில் உங்கள் சுவர் என்ன நிறமோ, அதுதான் படத்தில் வரும் கறுப்பு. 200 ஆன்சியை 100 அங்குலத்துக்கு விரித்தால் சதுர மீட்டருக்கு 70 லுமென்ஸ் சொச்சம்தான் கிடைக்கும். டியூப்லைட் எரிந்தால் அதே சுவரில் கிட்டத்தட்ட அவ்வளவு ஏற்கெனவே விழுந்துகொண்டிருக்கும். அப்புறம் ராத்திரி நேரச் சண்டைக்காட்சியில் என்ன தெரியும்? சாம்பல் புகைதான்.

ஆகவே ப்ரொஜெக்டருக்கு ஒதுக்கிய பணத்தில் நாலாயிரத்தை எடுத்து முதலில் பிளாக்-அவுட் கர்ட்டன் போடுங்கள். கர்ட்டன் போட முடியாத ஹால், பகலில்தான் பார்ப்போம் என்றால், தயவுசெய்து 55 அங்குல டிவி வாங்கிக்கொள்ளுங்கள். எனக்கு வேலை போனாலும் பரவாயில்லை.

4கே சப்போர்ட் என்பது 4கே சிக்னலை உள்ளே வாங்கிக்கொள்ளும் என்பதற்கு மேல் ஒன்றுமில்லை. நேட்டிவ் ரெசல்யூஷன், அதாவது பேனலில் உண்மையாகவே இருக்கும் புள்ளிகளின் எண்ணிக்கை, 1920x1080 என்று இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் அடுத்த மாடலுக்குப் போய்விடுங்கள்.

சீல்டு எஞ்சின் என்று எழுதியிருக்க வேண்டும், அதாவது படத்தை உருவாக்கும் உள்பகுதி தூசி புகாமல் மூடியிருக்க வேண்டும். நம் ஊர்த் தூசிக்கு, திறந்த எஞ்சின் உள்ள ப்ரொஜெக்டரில் ஆறே மாதத்தில் திரையில் சாம்பல் புள்ளிகள் வந்துவிடும். அதைத் துடைக்கச் சொல்லி என்னைக் கூப்பிடாதீர்கள்.

வாங்குமுன் டேப் வைத்து அறையை அளங்கள். 100 அங்குலம் என்பது மூலைக்கு மூலை அளவு, அந்தத் திரையின் அகலம் ஏழே கால் அடி. த்ரோ ரேஷியோ (திரை அகலத்தைப் போல எத்தனை மடங்கு தூரம் வேண்டும் என்ற எண்) 1.3 என்றால் அகலத்தை 1.3 ஆல் பெருக்குங்கள், ஒன்பதரை அடி தள்ளி லென்ஸ் இருக்க வேண்டும். பத்துக்குப் பத்து அறையில் அந்த இடத்தில் உங்கள் தலையோ பீரோவோ இருக்கும். அண்ணாந்தும் பாருங்கள், சீலிங் ஃபேன் இருக்கிறது. மேலே மாட்டிய ப்ரொஜெக்டருக்கும் திரைக்கும் நடுவில் இறக்கை சுற்றினால் படம் முழுக்க வெட்டி வெட்டி அடிக்கும். ஃபேனை நிறுத்திவிட்டுப் பார்ப்போம் என்பவர்கள் சித்திரை மாதத்தில் என்னிடம் பேசட்டும். பக்கவாட்டில் வைத்து, கோணலான படத்தைச் சரிசெய்யும் கீஸ்டோன் வசதியில் நேராக்கிக்கொள்ளலாம் என்றால், நேராக்கிய அளவுக்குத் துல்லியமும் வெளிச்சமும் போகும். உள்ளதே கொஞ்சம்.

ஆபீஸில் கழித்த பழைய ப்ரொஜெக்டர் மலிவாகக் கிடைத்தால் ஒரேயடியாக ஒதுக்கிவிட வேண்டாம். 3,000 ஆன்சி என்று போட்டிருந்தால் புதிதில் அது பெரும்பாலும் உண்மையாகவே இருந்திருக்கும். மெனுவில் லேம்ப் எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது என்று மட்டும் பாருங்கள். 3,000 மணியைத் தாண்டியிருந்தால் புது லேம்ப் விலையையும் கூட்டிக்கொள்ளுங்கள். ரெசல்யூஷன் 1024x768 என்றால் சினிமாவுக்கு அது வேண்டாம்.

பட்ஜெட் இருபதாயிரத்தைச் சுற்றியா? நேட்டிவ் 1080, சீல்டு எஞ்சின், 500 ஆன்சிக்குக் குறையாமல். இந்த மூன்றும் இருந்தால் ஆண்ட்ராய்டு, ஆட்டோ ஃபோகஸ், உள்ளேயே ஸ்பீக்கர் என்று அடுக்கும் மற்றதெல்லாம் இரண்டாம் பட்சம். படத்துக்கு ஒரு ஸ்ட்ரீமிங் ஸ்டிக், சத்தத்துக்கு ஒரு சவுண்ட்பார் போதும்.

பார்சல் வந்த அன்று ராத்திரியே விளக்கை அணைத்துப் போட்டுப் பாருங்கள். நாலு மூலையிலும் எழுத்து தெளிவாக இருக்கிறதா, இரண்டு மணி நேரம் ஓடிய பிறகும் ஃபோகஸ் நிற்கிறதா என்று கவனியுங்கள். ரிட்டர்ன் தேதி முடியும்வரை அட்டைப்பெட்டியைப் பழைய பேப்பர்காரருக்குப் போட்டுவிடாதீர்கள். சீலிங்கில் ஓட்டை போட என்னைக் கூப்பிடுவதும் அதற்கப்புறம் இருக்கட்டும்.